கிணற்றோடு பேசிய ஜெர்மன்

திருவனந்தபுரம் வலியசாலையில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. கிணற்றுக்குள் தலையை விட்டு ஜெர்மன் பேசினவன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணப் பந்தியில் சொல்வார்கள். இலை போட்டு சாதம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம், அவ்வளவு சின்னதாக்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு பூணூல் கல்யாணத்தில் எதிர் வரிசையில் உட்கார்ந்த ஒருவன், நான் யாரென்று தெரியாமல் என்னிடமே ஆரம்பித்தான். "மாமா, கேட்டேளா, இந்தத் தெருவுல ஒரு பிராந்தன் இருந்தானாம். கிணத்தோட ஜெர்மன்ல சம்சாரிப்பானாம்." பிராந்தன் என்றால் பைத்தியக்காரன். முழுக்கக் கேட்டேன். முழுக்கத் தப்பு. பந்தியில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்று தெரியும். எழுந்துவிட்டேன். அன்றைக்குப் பால் பாயசம். எனக்குப் பால் பாயசம் என்றால் உயிர். அதையும் அவனுக்கே விட்டுவிட்டு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பள்ளிக்கூடத்து வாசல்படியை மிதித்தவன் இல்லை. அப்பா கோயில் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். அவர் கையைப் பிடித்து எழுத வைத்தது தமிழும் கிரந்தமும். மலையாள எழுத்து தெருவில் வந்தது. சம்ஸ்கிருதம் காது வழியாக வந்தது. சின்ன வயசில் ஒரு தரம் கேட்டால் எனக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷ் மட்டும் எந்த வழியாகவும் வரவில்லை. இங்கிலீஷ் இல்லாதவனுக்கு சர்க்காரில் என்ன வேலை? பியூன் வேலை. பழைய ஓலைச் சுவடிகளைத் தேடிச் சேர்க்கிற ஒரு ஆபீஸில் பியூனாகப் போனேன்.

காகிதத்தில்தான் பியூன். செய்த வேலை வேறு. வீடு வீடாகப் போய்ச் சுவடி கேட்பது நான். பூச்சி அரித்த ஓலையைப் பிரித்துத் துடைத்து, புல் தைலம் தடவி, விளக்குக் கரி பூசி எழுத்தைத் தெரிய வைப்பது நான். தெரிந்த எழுத்தைப் படித்துக் காகிதத்தில் நகல் எடுப்பதும் நான். ஆபீஸில் பி.ஏ. படித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். பழைய ஓலையைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன்தான் அவர்களுக்குக் காப்பியும் வாங்கி வந்தான்.

ஒரு மழைக்காலத்தில் மலைப்பக்கம் வித்துராவுக்கு அப்பால் ஒரு பழைய வீட்டில் சுவடி இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வித்துரா சந்தை வரைக்கும் வண்டி. அதற்குமேல் நடை. அட்டை. ஒரு காலில் பிடுங்கினால் மறு காலில் ஏறும். மூக்குப்பொடி போட்டால் விழும் என்று வழியில் ஒரு எஸ்டேட் கங்காணி சொன்னான். எனக்குப் பொடிப் பழக்கம் இல்லை. அவன் டப்பியிலிருந்து வாங்கிப் போட்டேன், விழுந்தது. அவன் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. நல்லது செய்தவன் முகம் நினைவில் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறவன். அதனால்தான் இவ்வளவும்.

அந்த வீட்டில் நெல்லுப் பத்தாயத்துக்கு அடியில், எலிப் புழுக்கைக்கு நடுவில், ஒரு கட்டு கிடந்தது. மழை வருமா வராதா என்று மேகத்தையும் காற்றையும் எறும்பையும் பார்த்துச் சொல்கிற ஒரு சம்ஸ்கிருத நூல். முழுசாக இருந்தது. வேறெங்கேயும் இல்லாத நூல் என்று பிற்பாடு சொன்னார்கள். ஈரம் தின்ற ஓலை. ஒவ்வொரு ஓலையையும் நான்கைந்து நாள் வைத்துப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது. நகல் எடுத்து முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. என் பார்வை மங்கினது அதில்தான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஓலை எழுதுகிறவன், எழுதி முடித்ததும் கடைசியில் தன் பேரையும் ஊரையும் போட்டு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதுவான். நூறு வருஷம் கழித்து அந்த ஓலையைப் பார்த்து நகல் எடுக்கிறவன், பழையவன் பேரையும் அப்படியே எழுதி, அதற்குக் கீழே தன் பேரை எழுதுவான். பழையவனை விடக் கூடாது. தன்னையும் ஒளிக்கக் கூடாது. படிக்கிறவனுக்குப் பிழை யாருடையது என்று தெரிய வேண்டும், அதற்காக.

வித்துரா சுவடியை எழுதியவர் செத்து இருநூறு வருஷம் இருக்கும். அவர் பேரை எழுதினேன். கீழே என் பேரையும் வலியசாலையையும் எழுதினேன். நகலை எங்கள் ஆபீஸ் சூப்ரண்டு மேஜையில் வைத்தேன்.

சூப்ரண்டு கடைசித் தாளை எடுத்துப் பார்த்தார். "இது எந்தா ஓய், கீழ உம்ம பேரு?"

"எழுதினவன் பேர் போடறது வழக்கம் சார்."

"இது ஆபீஸ் காப்பியாக்கும். ஜெர்மனிக்குப் போறது. ஒரு துரை அங்க அச்சுப் போடப் போறார். மூலத்துல இருக்கறது மாத்ரம் மதி, வேற வேண்டாம். இந்தத் தாளை வேற எழுதும்."

வேறு எழுதினேன். பழையவர் பேர் இருந்தது, என் பேர் இல்லை. மடையன் மாதிரி எழுதிக் கொடுத்தேன். அதில் என்ன வினை இருந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து ஜெர்மனியிலிருந்து புத்தகம் வந்தது. கனமான அட்டை. உள்ளே என் மழை நூல், அழகான நாகரி அச்சில். முன்னால் மூன்று பக்கம் ஜெர்மனில் முகவுரை. ஆபீஸ் முழுக்க அதைச் சுற்றி நின்றது. சூப்ரண்டு முகவுரையைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தார். அங்கே அவர் பேர் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. வாயெல்லாம் பல்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன். "சார், இதுல என்னைப் பத்தி ஏதாவது இருக்கா?"

"உம்மைப் பத்தியா?"

"சுவடி கண்டு பிடிச்சதும் எழுதினதும் நானாச்சே."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. குழந்தை எதையோ கேட்டால் சிரிப்பார்களே, அது. "சுமடு எடுக்கறவன் பேரை ஆராவது புஸ்தகத்துல போடுவாளா ஓய்? போய் அந்த ஜன்னலைச் சாத்தும், சாரல் அடிக்கறது."

ஜன்னலைச் சாத்தினேன். அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன். அந்த மூன்று பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நானே படிக்க வேண்டும். இல்லை என்றால் இல்லை. ஆனால் இல்லை என்று இவர் சொல்லி நான் கேட்கக் கூடாது.

மாதத்துக்கு ஒரு நாள் அலமாரிப் புத்தகங்களைத் தாழ்வாரத்தில் வெயில் காட்டுவது என் வேலை. இரண்டு வெயில் நாளில் மூன்று பக்கத்தையும் எழுத்து எழுத்தாக நகல் எடுத்துவிட்டேன். தெரியாத எழுத்தை வரைந்து எடுப்பது எனக்குப் புதிதா? வரிக்கு நாலைந்து பெரிய எழுத்து வந்தது. இங்கிலீஷில் ஆள் பேருக்குத்தான் பெரிய எழுத்து போடுவார்கள் என்று ஆபீஸில் பார்த்து வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன். இருநூறு பேருக்கு மேலே! இந்த மனுஷர் ஊரில் உள்ள இருநூறு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை என்று இரண்டு மாதம் வயிறு எரிந்தேன். அந்த பாஷையில் கல்லு, மண்ணு, நாய், நாற்காலி எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்துப் போடுவார்கள் என்று எவன் எனக்குச் சொன்னான்? சொல்ல யார் இருந்தார்கள்?

ஜெர்மன் இலக்கணப் புத்தகம் பழவங்காடியில் கிடைத்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, மிளகு வாங்க ஒரு கடையில் நின்றேன். கடைக்காரர் பொட்டலம் கட்டக் கிழித்த தாளில் அதே எழுத்து, அதே வரிக்கு வரி பெரிய எழுத்து. நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"என்ன சாமி, கையை விடும்!"

"இந்தப் புஸ்தகம் ஏது?"

"பழைய பேப்பர்ல வந்தது. யாரோ துரை வீடு காலி பண்ணினப்போ வந்த கட்டு. எடைக்கு வாங்கினது. என்ன, மந்திரப் புஸ்தகமா?"

அது இங்கிலீஷ்காரன் ஜெர்மன் படிப்பதற்காக எழுதின இலக்கணம். முதல் பதினாறு பக்கம் ஏற்கெனவே மிளகும் சீரகமுமாக ஊருக்குள் போய்விட்டது. மீதியை வாங்கினேன். அந்தப் பதினாறு பக்கத்தில்தான் எந்த எழுத்தை எப்படி உச்சரிப்பது என்று சொல்லியிருந்தது. அதை ரொம்ப நாள் கழித்து, பின்னால் ஓரிடத்தில் 'உச்சரிப்புக்கு ஐந்தாம் பக்கம் பார்க்க' என்று வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ஐந்தாம் பக்கத்தில் யார் வீட்டிலோ ரசம் கொதித்துவிட்டது.

ஆக, இங்கிலீஷ் தெரியாதவன் இங்கிலீஷ் வழியாக ஜெர்மன் படிக்க வேண்டும். அதுவும் சத்தம் தெரியாமல், ஆபீஸ் காகிதத்தில் பார்த்துப் பழகிய இங்கிலீஷ் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு. யாரிடம் கேட்பது? ஆபீஸில் கேட்டால் சூப்ரண்டு காதுக்குப் போகும். இந்த ஊரில் ஜெர்மன் பேசுகிற ஒரு ஜீவனை நான் கண்டதில்லை. இன்றைக்கு வரைக்கும் ஒரு ஜெர்மன்காரன் வாயிலிருந்து ஒரு சொல்லை நான் காதால் கேட்டதில்லை. அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும், பந்தியில் சிரிக்கிறவர்கள்.

எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான். சத்தம் போட்டுச் சொல்வது, திருப்பிச் சொல்வது, இரண்டு இரண்டாகக் கோத்துச் சொல்வது. வேதம் அப்படித்தான் நிற்கிறது. ஜெர்மனும் நின்றது. ஒரே சொல்லுக்கு நாலு வேற்றுமை: டெர், டெஸ், டெம், டென். டெர் டெஸ், டெஸ் டெம், டெம் டென். காலையில் கரமனை ஆற்றில் குளிக்கப் போகும்போது ஆரம்பிப்பேன், திரும்பி வரும்போது ஒரு பக்கம் முடிந்திருக்கும். எதிரே வருகிறவர்கள் ஏதோ ஜபம் என்று ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு கிழவர் கும்பிடக்கூடச் செய்தார்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் பாதி கேள்வி பதில். ஒருவன் கேட்க வேண்டும், மற்றவன் சொல்ல வேண்டும். தச்சனுடைய நாய் எங்கே? தச்சனுடைய நாய் தோட்டத்தில் இருக்கிறது. உன் சகோதரனின் கத்தியை யார் எடுத்தது? இதற்கு ஆள் வேண்டும். என் சம்சாரத்திடம் கேட்டேன். "அடுப்புல பருப்பு இருக்கு, எனக்குத் தச்சனும் வேண்டாம் நாயும் வேண்டாம்" என்றாள். அதில் ஒரு நியாயம் இருந்தது.

அப்படித்தான் கிணற்றுக்குப் போனேன். எங்கள் கிணறு இரண்டு வீட்டுக்குப் பொது, நடுவில் சுவர். குனிந்து கேட்டால் குரல் திரும்பி வரும். இன்னொருத்தன் குரல் மாதிரி, கொஞ்சம் கனமாக. கேள்வியைக் கேட்டுவிட்டு, அது திரும்பி வரும்போது அவன் என்னைக் கேட்கிறான் என்று வைத்துக்கொண்டு, நான் பதில் சொல்வேன். ஒரு தரம் நான் கேட்கிறவன், ஒரு தரம் சொல்கிறவன். அதுதான் ஐயா பைத்தியம். வேறு எவனாவது வந்து எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் நான் ஏன் கிணற்றைத் தேடிப் போகிறேன்?

சுவருக்கு அந்தப் பக்கத்து மாமிதான் முதலில் தன் ஆத்துக்காரரைக் கூப்பிட்டுக் கூச்சல் போட்டாள். "ஏன்னா, வெள்ளம் கோர வந்தா உள்ளேருந்து யாரோ அதட்டறா! என் நெஞ்சு படபடங்கறது!"

"அது நான்தான் மாமி."

"நீங்களா? கிணத்தை எதுக்குத் திட்டறேள்?"

"திட்டலை. படிக்கறேன்."

"படிக்கறவா இப்படியா கத்துவா? என் தோம்பு ஒரு தரம் உள்ள விழுந்துடுத்து, தெரியுமோ?" வெள்ளம் என்றால் எங்கள் ஊரில் தண்ணீர், தோம்பு என்றால் வாளி. அந்த வாளியை நான்தான் பாதாளக்கரண்டி போட்டு எடுத்துக் கொடுத்தேன். அதைப் பந்தியில் சொல்ல மாட்டார்கள்.

அகராதி, ஊர்ப் பொது நூல்நிலையத்தில் ஒன்று இருந்தது. வெளியே தர மாட்டார்கள். என் மாதிரி ஆளுக்கு உள்ளேயே யோசித்துத்தான் தருவார்கள். சனிக்கிழமை மத்தியானம் போய் வேண்டிய சொற்களை நகல் எடுப்பேன். அதன் இங்கிலீஷ் அர்த்தத்தை வீட்டில் ஒரு சின்ன இங்கிலீஷ் தமிழ் அகராதியில் பார்ப்பேன். ஒரு சொல்லுக்கு இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். அங்கே மேஜையில் இருந்த குமாஸ்தா ஒரு நாள் கேட்டார்: "ஸ்வாமிக்கு ஜெர்மனியில ஆரெங்கிலும் பந்துக்கள் உண்டோ?"

"உண்டு. என் பேர் அங்க இருக்கான்னு நோக்கணும்."

அவர் பிறகு கேட்கவில்லை. நல்ல மனுஷர், ஒரு நல்ல நாற்காலியை எனக்கென்று ஜன்னலண்டை போட்டு வைப்பார்.

மூன்று வருஷம் ஆயிற்று. முகவுரையின் முதல் இரண்டு பக்கம் நூலைப் பற்றி. மூன்றாம் பக்கத்தில் சூப்ரண்டுக்கு ஒரு வரி நன்றி. ஒரே வரி. அதற்குக் கீழே ஆறு வரி. கரமனைப் படித்துறையில் உட்கார்ந்து அந்த ஆறு வரியைக் கோத்து முடித்தேன். இப்படி இருந்தது: இந்த நகலை எழுதிய பண்டிதருக்கு நான் யாரைவிடவும் கடமைப்பட்டிருக்கிறேன். அழிந்துபோன எழுத்தையும் அவர் கண் விடவில்லை. இரண்டு வருஷம் அவருடைய கையெழுத்தை என் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்காத ஒருவரை நண்பராக உணர்ந்தேன். அவர் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

அப்புறம் பேர். இருநூறு வருஷத்துக்கு முன் செத்தவர் பேர்.

கடைசித் தாளில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பேர்தான். துரைக்கு நம் வழக்கம் தெரியும். கடைசிப் பேர் எவனோ அவன்தான் எழுதினவன் என்று எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பே இல்லை. என் கையை அவர் புகழ்ந்தார். என் கண்ணைப் புகழ்ந்தார். என்னை நண்பன் என்றார். எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒரு பிணத்துக்குக் கொடுத்தார். அந்தத் தாளை எழுதிக் கொடுத்ததும் நானே. படித்துறையில் உட்கார்ந்து என் தொடையில் நானே அடித்துக்கொண்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு அடி அடித்தேன்.

மறுநாள் ஆபீஸில், மூன்று பி.ஏ.க்களும் இருக்கும்போதே சூப்ரண்டு முன்னால் போய் நின்றேன். "சார், அந்த முகவுரையை நீங்க படிச்சேளா?"

"படிக்காமலா? நம்ம ஆபீஸை நன்னா புகழ்ந்திருக்கார்."

"எந்த வரியில?"

அவர் முகம் மாறியது. அப்போதுதான் எனக்கே புரிந்தது. அவருக்கும் ஜெர்மன் தெரியாது! தன் பேர் இருந்த இடத்தைத் தவிர ஒரு எழுத்து அவர் படித்ததில்லை. படிக்காமலே, என் பேர் அதில் இருக்காது என்று என்னிடம் சொன்னார்.

நான் முகவுரையைப் பார்க்காமல் சொன்னேன். மூன்றாம் பக்கம், ஆறு வரி, ஜெர்மனில், தலையை நிமிர்த்தி. முடிந்ததும் ஒரு பி.ஏ. வாயைப் பொத்தினான். இன்னொருவன் பொத்தவில்லை. சூப்ரண்டுக்குத் தைரியம் திரும்பி வந்தது.

"இது ஜெர்மனாக்கும்னு ஆர் சொன்னா? ருத்ரம் சொல்றாப்பல இருக்கே ஓய்!"

"ஜெர்மன்தான் சார். அர்த்தமும் சொல்றேன்."

"நீர் சொல்ற அர்த்தத்துக்கு ஆர் சாக்ஷி? இந்தத் திருவனந்தபுரத்துல ஒருத்தனைக் கூட்டிண்டு வாரும், ஆமாம் இது ஜெர்மன்தான்னு சொல்றதுக்கு."

ஒருத்தனைக் கூட்டி வர முடியாது. நான் சொல்வதைக் கேட்டு ஆமாம் என்று தலையாட்ட இந்த ராஜ்யத்தில் கிணற்றைத் தவிர வேறு ஆள் கிடையாது. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு காரியம் கேட்டேன். "ஆபீஸ் லெட்டர்ல இங்கிலீஷ்ல நாலு வரி போடுங்கோ சார். பேர் மாறிப் போச்சுன்னு."

"அச்சானது அச்சாச்சு. வேணும்னா நீரே எழுதும். உமக்குத்தான் ஜெர்மன் வருமே!" மறுபடியும் சிரிப்பு.

எழுதுகிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். படிப்பது ஒன்று, எழுதுவது வேறு. ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாள் கணக்காக உட்கார்ந்தேன். சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. நாலாவது நாள் என் சம்சாரம் கறிக்கு நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"ஏன்னா, அந்த துரை அச்சுப் போட்டது சம்ஸ்கிருதப் புஸ்தகம்தானே?"

"ஆமாம்."

"அப்ப அவருக்கு சம்ஸ்கிருதம் வரும்."

"வராமலா?"

"உங்களுக்கும் வரும். அதுலயே நாலு வரி எழுதினா ஆகாதா? எழுதறதுக்கு எதுக்கு இந்த ஜெர்மன்?"

எனக்கு வந்த கோபத்தில் தாள்களை எல்லாம் வீசி எறிந்தேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் சொன்னது சரி. அது முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். புத்தகம் வந்த அன்றே சம்ஸ்கிருதத்தில் ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தால், இரண்டு மாதத்தில் பதில் வந்திருக்கும். சம்ஸ்கிருதத்தில் எழுதத் தெரிந்த நான், சம்ஸ்கிருதம் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு எழுதிக் கேட்காமல், கிணற்றோடு கத்திக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பிறந்தவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்த மடத்தனம் வராது. எங்களுக்கு அது பாராயணத்துக்கும் நகல் எடுப்பதற்கும் உள்ள பாஷை. அதில் ஒருவரைக் கூப்பிட்டு, ஐயா சௌக்கியமா, என் பேரை விட்டுவிட்டீர் என்று கேட்கலாம் என்று எவனுக்குத் தோன்றும்?

சரி, அவள் சொன்ன அன்றைக்காவது எழுதினேனா? இல்லை. அதுதான் இன்றைக்கும் என் மேலேயே எனக்குள்ள கோபம். சுமடு எடுக்கிறவன் உங்கள் பாஷையிலேயே எழுதுகிறான், பாருங்கள் என்று அந்தத் துரைக்குக் காட்ட வேண்டும். அவர் அதை சூப்ரண்டுக்கு எழுத வேண்டும். சூப்ரண்டு முகத்தை நான் பார்க்க வேண்டும். அதற்காக இன்னும் ஐந்து மாதம் எடுத்தேன். ஒரு பக்கம். ஆவணி மாதம் முடித்து, நல்ல காகிதத்தில் எழுதி, கோட்டைப் பக்கம் இருந்த தபால் ஆபீஸுக்குக் கொண்டு போனேன்.

குமாஸ்தா விலாசத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஸ்வாமி பேப்பர் வாயிக்கறதில்லையோ? யுத்தம் தொடங்கியாச்சு. ஜெர்மனிக்கு இனி ஒண்ணும் போகாது. இதை வச்சிருந்தா எனக்கும் ஆபத்து, உமக்கும் ஆபத்து. கொண்டு போம்."

"எப்பத் தொடங்கித்து?"

"மிஞ்ஞாந்நு."

மிஞ்ஞாந்நு என்றால் முந்தாநாள்.

அவர்தான் சொன்னாரோ, வேறு யார் சொன்னார்களோ, பத்து நாளில் ஒரு கான்ஸ்டபிள் வந்தான். "இவிடெ கிணத்தில் ரேடியோ உண்டோ?" என்று கேட்டான். உள்ளே எட்டிப் பார்த்தான். "ஹோய்" என்று ஒரு சத்தம் போட்டான். கிணறு "ஹோய்" என்றது. எனக்குக் காட்டாத மரியாதையை அதனிடம் காட்டி ஓரடி பின்னால் போனான். இனிமேல் அந்த பாஷையை வாய்விட்டுச் சொன்னால் உள்ளே போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். அத்தோடு என் ஜெர்மன் நின்றது. தெரு சொல்கிற கதையும் இங்கே நிற்கிறது. ஆனால் காரியம் நிற்கவில்லை.

அடுத்த மாதம் வெயில் காட்டுகிற நாள் வந்தது. தாழ்வாரத்தில் பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்பினேன். மழை நூலை எடுத்தேன். மூன்றாம் பக்கம், அந்தப் பேர். கடுக்காய் மையில் பேனாவைத் தோய்த்து, அச்சுக்குக் கீழே, கிரந்தத்தில் எழுதினேன். மேலே சொன்னவருடைய ஏட்டைப் பார்த்து இந்த நகலை எழுதியவன் இன்னான், வலியசாலை, பிழை பொறுக்க. பட்டப்பகலில் எழுதினேன். காய வைத்தேன்.

அன்று சாயங்காலமே சூப்ரண்டு பார்த்துவிட்டார். "புஸ்தகத்தை நாசமாக்கிட்டீரே!" சர்க்கார் சொத்தில் கிறுக்கியதற்கு மூன்று நாளில் சமாதானம் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும் என்று மெமோ கொடுத்தார். எழுதினேன், ஜெர்மனில். மூன்று வரி. கையெழுத்துப் போட்டு, உள்ளே வரும் காகிதத்துக்கு நம்பரோடு குத்துகிற ஆபீஸ் முத்திரை வாங்கி, அவர் மேஜையில் வைத்தேன்.

அவர் தாளை எடுத்து ஒரு வரி பார்த்ததும் மேஜையில் போட்டார். "இது எந்தா?"

"சமாதானம் சார்."

"ஓய்! யுத்த காலத்துல, சர்க்கார் ஃபைல்ல, ஜெர்மன்ல..." ஜன்னலைப் பார்த்தார். நானே போய்ச் சாத்தினேன். "தமிழ்ல எழுதித் தாரும்."

"இது ஜெர்மனாக்கும்னு ஆர் சொன்னா சார்? ருத்ரமா இருக்கலாம்."

"விளையாடாதேயும்! இதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்!"

"முத்திரை போட்டாச்சே சார். உள்ள வந்த காயிதத்தை எப்படித் திருப்பி எடுக்கறது?"

கிழித்தால் முத்திரைக் கணக்கில் ஒன்று குறையும். மேலே அனுப்பினால் போலீஸ் வரும். படித்துச் சொல்ல ஊரில் இருந்த ஒரே ஆள் நான். நான் சொல்ல மாட்டேன். மெமோவையும் என் தாளையும் சேர்த்துக் கட்டி, இரும்புப் பெட்டியின் அடியில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. அந்தப் புத்தகத்தை வேறு யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டார். எனக்குப் பென்ஷன் ஆகும் வரைக்கும் என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

அந்த மூன்று வரி இதுதான்: ஓலையை நான் எடுத்து வந்தேன். நான் எழுதினேன். ஆகையால் என் பேரைப் போட்டேன். ஜெர்மனில் அது சரியாக இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

யுத்தம் முடிந்துவிட்டது. அந்தத் துரை இருக்கிறாரோ இல்லையோ, போட்ட குண்டில் அவருடைய வீடு இருக்கிறதோ இல்லையோ. முடிந்ததும் சம்ஸ்கிருதத்தில் ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. அந்தப் புத்தகம் எத்தனை அச்சடித்தார்களோ, எந்தெந்த ஊர் அலமாரியில் இருக்கிறதோ, அத்தனையிலும் செத்தவர்தான் என் நண்பருடைய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றே ஒன்றில், இந்த ஊர் ஆபீஸில், அவருக்குக் கீழே நான் இருக்கிறேன். எனக்குப் போதவில்லை. போதும் என்று யாராவது வந்து சமாதானம் சொன்னால், அவனையும் நான் திட்டுவேன்.